முஸ்லிம்-யூதர் நல்லுறவுன்னு சொல்றாங்களே, அது எந்த நாட்டுல நிஜமாவே நடந்திருக்கு?

கடற்கரைத்_தெரு:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நான் காயல்பட்டினம், கல்யாணத்துக்கு அப்புறம் லண்டன் வடக்குப் பக்கம் வந்தாச்சு. எங்க ஏரியால ஒரு தெரு முழுக்க கருப்புக் கோட்டு, பெரிய தொப்பி போட்ட யூதக் குடும்பங்க, திரும்புனா துருக்கிக் கடை, அதுக்கடுத்து குஜராத்தி முஸ்லிம்ங்களோட பள்ளிவாசல். ஸ்கூல் வாசல்ல அவங்க பொம்பளைங்களும் நாங்களும் ஒரே வெயிட்டிங்தான், ஆனா சிரிக்கிறதோட சரி, அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது.

இப்ப என்னன்னா இங்க முஸ்லிம் பெண்களும் யூதப் பெண்களும் சேர்ந்து ஒரு குழு நடத்துறாங்க, பள்ளிவாசல்ல பழக்கமான ஒரு அக்கா என்னையும் கூப்பிடுறாங்க. வர்ற ரமலான்ல சேர்ந்து ஒரு இப்தார் வைக்கிற ஐடியாவும் இருக்காம். வீட்டுக்காரர் உன் இஷ்டம்ங்கறார். உம்மாகிட்ட போன்ல சொன்னா, காசால அவ்வளவு பிள்ளைங்க மவுத்தா போயிருக்கு, உனக்கு இந்த நேரத்துல இது ஒரு வேலையான்னு கேக்குறாங்க. அவங்க கேக்குறதும் எனக்குத் தப்பா தெரியல.

எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டு விஷயம். இந்த மாதிரி முயற்சி எந்த நாட்டுலயாவது வெறும் டீ, பிஸ்கட், போட்டோன்னு முடியாம உருப்படியா நடந்திருக்கா, நடந்துச்சுன்னா என்ன செஞ்சாங்க. இன்னொன்னு, 2023 அக்டோபர்ல காசா போர் ஆரம்பிச்சதுக்கு அப்புறமும் அது தொடர்ந்து நடந்துச்சா. பாலஸ்தீன விவாதத்த இங்க ஆரம்பிச்சுராதீங்க ப்ளீஸ், அதுக்குத் தனி த்ரெட் ஓடிட்டுத்தான் இருக்கு.

அபுதாபி_பேச்சிலர்:

வ அலைக்கும் சலாம். இருக்கிற இடத்துல இருந்து சொல்றேன். இங்க சாதியாத் தீவுல ஆபிரகாமிய குடும்ப இல்லம்னு 2023ல தொறந்தாங்க. ஒரே வளாகத்துல மூணு கனசதுரக் கட்டடம், ஒரே உயரம், ஒண்ணு பள்ளிவாசல், ஒண்ணு சர்ச், ஒண்ணு சினகாக், அதாவது யூதங்களோட வழிபாட்டு இடம். 2019ல போப் பிரான்சிஸும் அல் அஸ்ஹர் பெரிய இமாமும் இங்க வந்து ஒரு ஆவணத்துல கையெழுத்து போட்டாங்க இல்ல, அதோட தொடர்ச்சிதான் அது. ஊர்ல இருந்து யார் வந்தாலும் கூட்டிட்டுப் போய் காட்டுவேன், அழகுல ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனா அங்க போற யூதர் யாரு, முஸ்லிம் யாரு, ரெண்டு பேரும் அதுக்கப்புறம் எங்க பேசிக்கிறாங்கன்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. நானும் டூரிஸ்ட், அவரும் டூரிஸ்ட். மேல இருந்து ஆர்டர் வந்தா தொறக்கும், ஆர்டர் வந்தா மூடும். 2020ல இஸ்ரேலோட ஒப்பந்தம் போட்டப்ப எல்லாரும் கட்டிப்பிடிச்சு போட்டோ எடுத்தாங்க, எங்க கேம்ப்ல இருக்கிற பாலஸ்தீன சூப்பர்வைசர் அன்னைக்கு ஒரு வார்த்தை பேசாம டூட்டி பாத்துட்டுப் போனாரு. அதனால என் கருத்து, இது எல்லாமே ஷோ. போகாதீங்கன்னு சொல்லல, ஆனா எதிர்பார்த்துப் போகாதீங்க.

யார்க்‌ஷயர்_வாசி:

மேல சொன்ன நண்பர் அரசாங்கம் செய்யறத வச்சு மொத்தத்தையும் ஷோன்னுட்டாரு. நான் பிராட்போர்டுல இருக்கேன் சகோதரி, எங்க ஊர்க் கதைய கேளுங்க.

இங்க பவுலண்ட் தெருவுல ஒரு சினகாக் இருக்கு, 1881ல தொறந்தது. புதுசா பாக்கறவங்க பள்ளிவாசல்னுதான் நெனப்பாங்க, அந்த வளைவும் பட்டை பட்டையா கல்லும் அப்படி ஒரு மூரிஷ் ஸ்டைல். கட்டுனது ஜெர்மனில இருந்து கம்பளி யாவாரத்துக்கு வந்த யூதங்க. பிராட்போர்டே கம்பளி ஊருதான அப்ப. அப்புறம் மில்லு ஒவ்வொண்ணா மூடுச்சு, அவங்க பிள்ளைங்க லீட்ஸ், லண்டன்னு போயிட்டாங்க, அதே மில்லுல நைட் ஷிப்ட் பாக்க மீர்பூர்ல இருந்து வந்த பாகிஸ்தானி குடும்பங்கதான் சுத்தி இருக்கிற தெருவெல்லாம் இப்ப. சினகாக்குக்கு வர்றவங்க விரல் விட்டு எண்ற அளவுக்கு வந்துட்டாங்க.

2012, 2013 சமயம், கூரை ஒழுகுது, ரிப்பேருக்குக் காசில்ல, கட்டடத்த வித்துரலாம்னு பேச்சு வந்துருச்சு. அப்ப தலைவரா இருந்தது ரூடி லீவர்னு ஒருத்தர். 1926ல பெர்லின்ல பொறந்தவர், 1937ல நாஜிங்ககிட்ட இருந்து குடும்பத்தோட தப்பிச்சு இங்க வந்தவர், பல் டாக்டர். இவருக்கும் அக்கம்பக்கத்து முஸ்லிம்ங்களுக்கும் முதல்ல நெருக்கம் வந்தது மத நல்லிணக்க மாநாட்டுல இல்லைங்க, ஒரு ப்ளானிங் அப்ளிகேஷன்ல! சினகாக்க ஒட்டி இன்னொரு ரெஸ்டாரண்ட் வரப்போகுதுன்னு இருந்தப்ப சினகாக்கும் அந்தப் பக்கத்துல பிரபலமான ஸ்வீட் சென்டர் ஹோட்டல்காரரும் சேர்ந்து ஆட்சேபணை போட்டாங்க. கவுன்சிலுக்கு லெட்டர் எழுதுறது, யாரப் பாக்கறதுன்னு பேசறது, அப்படியே பழகிட்டாங்க.

அந்தப் பழக்கம் இருந்ததாலதான் கட்டடம் போகப்போகுதுன்னு தெரிஞ்சதும் போன் பண்ண ஆள் இருந்துச்சு. பிராட்போர்ட் பள்ளிவாசல்கள் கவுன்சில்ல இருந்த ஜுல்ஃபி கரீம், ஹோட்டல்காரர், இன்னும் உள்ளூர் முஸ்லிம் யாவாரிங்க எல்லாம் வசூலுக்கு இறங்கி அவசர ரிப்பேருக்கு வழி பண்ணாங்க. அப்புறம் லாட்டரி நிதில இருந்து 1 லட்சத்து 3 ஆயிரம் பவுண்ட் கிராண்ட் வந்துச்சு. ஜானி ரஷீத்னு ஒரு முஸ்லிம் அந்த சினகாக்கோட நிர்வாகக் குழுவுலயே மெம்பர் ஆனாரு. ரூடி 2021ல 95 வயசுல இறந்தாரு.

கவனிச்சீங்கன்னா இதுல யாரும் யாரையும் மாத்தப் போகல, ஆபிரகாம் நம்ம ரெண்டு பேருக்கும் தகப்பன்னு யாரும் ஸ்பீச் குடுக்கல. கூரை ஒழுகுது, அத அடைக்கணும். அவ்வளவுதான்.

அபுதாபி_பேச்சிலர்:

சரி பிராட்போர்ட் நல்ல கதை, ஒத்துக்கறேன். ஆனா அங்க ஒரு பக்கம் ஊரே இருக்கு, இன்னொரு பக்கம் விரல் விட்டு எண்ற ஆளு. அழிஞ்சுபோற நிலைமைல இருக்கறவங்ககிட்ட பெருந்தன்மை காட்டறது ஈஸி. ரெண்டு பக்கமும் பெரிய கூட்டமா இருக்கிற இடத்துல, ஒருத்தர பாத்து ஒருத்தர் பயப்படற இடத்துல என்ன நடந்துச்சு, அத யாராவது சொல்லுங்க.

லூவன்_ஆராய்ச்சி:

இதுக்கு நான் வர்றேன், பெல்ஜியத்துல இருக்கேன். ஆண்ட்வெர்ப்ல ரெண்டு சமூகமும் பெருசு, நெருங்கிப் பழகறதெல்லாம் கிடையாது, ஆனா ஒரு விஷயத்துல சேர்ந்துதான் ஆகணும்னு ஆயிடுச்சு. அறுப்பு.

பெல்ஜியத்தோட வடக்குப் பகுதி ஃபிளாண்டர்ஸ்ல 2019 ஜனவரில இருந்து மயக்கம் குடுக்காம ஆடு மாடு அறுக்கக் கூடாதுன்னு சட்டம், அதே வருஷம் செப்டம்பர்ல தெற்குப் பகுதி வலோனியாலயும். ஹலாலும் போச்சு, யூதங்களோட உணவு முறையான கோஷரும் போச்சு. யூத அமைப்புங்க கேஸ் போட்டாங்க, முஸ்லிம் அமைப்புங்களும் உள்ள வந்தாங்க, ஐரோப்பிய நீதிமன்றம் 2020 டிசம்பர்ல சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு. அப்புறம் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை கோர்ட்டுக்குப் போனாங்க, 2024 பிப்ரவரில அங்கயும் தோல்வி. ஆனா பிரஸ்ஸல்ஸ் பகுதில 2022 ஜூன்ல இதே மாதிரி மசோதா வந்தப்ப பார்லிமெண்ட் ஓட்டெடுப்புல விழுந்துருச்சு. நெதர்லாந்துலயும் 2011ல கீழவைல பாஸ் ஆகி 2012ல மேலவைல நின்னுபோச்சு.

ஜெர்மனில இதே மாதிரி சுன்னத் விவகாரம். 2012ல கொலோன் கோர்ட்டு ஒண்ணு, நாலு வயசு முஸ்லிம் பையனுக்கு சுன்னத் செஞ்ச டாக்டர் கேஸ்ல, மத காரணத்துக்காக சின்னப் பசங்களுக்கு இது செய்யறது உடல் காயம்னு தீர்ப்பு சொல்லுச்சு. பையன் முஸ்லிம், ஆனா தூக்கி வாரிப் போட்டது யூதங்களுக்கும்தான், ஏன்னா அவங்களுக்கு எட்டாவது நாள் செஞ்சே ஆகணும். அந்த செப்டம்பர்ல பெர்லின்ல ரெண்டு பேரும் ஒரே கூட்டத்துல நின்னாங்க, டிசம்பர்லயே ஜெர்மன் பார்லிமெண்ட் அனுமதிச்சு சட்டம் போட்டுருச்சு. ஒருத்தர் மட்டும் கத்தியிருந்தா அவ்வளவு சீக்கிரம் நடந்திருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான்.

ஆனா இத ரொம்ப ரொமான்டிக்கா பாக்க வேணாம். அறுப்புலயே உள்ளுக்குள்ள ஒரு சிக்கல் இருக்கு. ஆடு திரும்ப எந்திரிக்கிற அளவுக்கு லேசா மயக்கம் குடுக்கறத சில முஸ்லிம் உலமாக்கள் ஒத்துக்குவாங்க, யூத சட்டத்துல அதுக்கும் இடமில்ல. அரசியல்வாதிங்க இந்த இடைவெளியப் பாத்துத்தான் பேசுவாங்க, பாருங்க அவங்க ஒத்துக்கிட்டாங்க நீங்க மட்டும் ஏன்னு. சேர்ந்து நிக்கறதுன்னா இந்த மாதிரி நேரத்துல தனியா கழண்டுக்காம இருக்கறது. அது எல்லா இடத்துலயும் நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன்.

பழைய_பேப்பர்:

பிரான்ஸ யாரும் சொல்லலியே. மேற்கு ஐரோப்பாலயே யூதரும் முஸ்லிமும் அதிகமா இருக்கிற நாடு அதான், ரெண்டு பேருமே பெரும்பாலும் வட ஆப்பிரிக்கால இருந்து வந்தவங்க வேற. மிஷேல் செர்ஃபாத்தின்னு ஒரு ரப்பி, அதாவது யூத மதகுரு, மொராக்கோல மராகேஷ்ல பொறந்தவர். 2003ல பாரிஸ் பக்கத்துல ரிஸ் ஒராஞ்சிஸ்ல சினகாக்குக்கு நடந்து போறப்ப தாக்கப்பட்டார். மனுசன் அடுத்த வருஷம், 2004ல, யூத முஸ்லிம் நட்பு சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சு ஒரு பஸ்ஸ எடுத்துக்கிட்டு புறநகர் குடியிருப்புகளா சுத்துனாரு. மார்க்கெட் ஓரமா நிறுத்துவாங்க, பசங்க வருவாங்க, யூதங்க எல்லாம் பணக்காரங்கதான, டிவி எல்லாம் உங்க கையிலதானன்னு மூஞ்சிக்கு நேரா கேப்பாங்க, இவரும் உக்காந்து பதில் சொல்லுவாரு. கூட வேலை பாத்த பசங்கள்ல முஸ்லிம்ங்க நிறைய. பெரிய மாற்றம் வந்துச்சான்னா, 2012ல துலூஸ்ல யூதப் பள்ளிக்கூடத்துல துப்பாக்கிச் சூடு, 2015ல பாரிஸ்ல கோஷர் சூப்பர் மார்க்கெட் மேல தாக்குதல், எல்லாம் அதுக்கப்புறம்தான் நடந்துச்சு. அதே சூப்பர் மார்க்கெட்ல வேலை பாத்த மாலி நாட்டு முஸ்லிம் பையன் லசானா பத்திலிதான் கஸ்டமர்ங்கள கீழ குளிர் அறைல ஒளிச்சு வச்சது. அவருக்குப் பிரெஞ்சு குடியுரிமை குடுத்தாங்க. அவர் எந்த நல்லிணக்கக் குழுவுலயும் டிரெயினிங் எடுத்தவர் இல்ல, கூட வேலை பாக்கறவங்க, தினம் வர்ற கஸ்டமருங்க, அவ்வளவுதான்.

தூத்துக்குடி_மாலுமி:

மொராக்கோ பேர் அடிபட்டதால நானும் வர்றேன். நம்ம ஊர் உரக் கம்பெனிங்களுக்கு பாஸ்பாரிக் ஆசிட் அங்க ஜோர்ஃப் லஸ்ஃபர்ல இருந்துதான் நிறைய வரும், அந்த ரூட்டுல ஓடியிருக்கேன். காசாபிளாங்கால கரை இறங்குனா ஒரு யூத அருங்காட்சியகம் இருக்கு, 1997ல ஆரம்பிச்சது. அரபு நாடுகள்ல யூதங்களுக்குன்னு அந்த மாதிரி இருக்கறது அபூர்வம். அதோட காப்பாளரா ரொம்ப காலமா இருக்கறது ஒரு முஸ்லிம் அம்மா.

அங்க 1940கள் கடைசில கிட்டத்தட்ட 2.5 லட்சம் யூதங்க இருந்தாங்க. இப்ப சில ஆயிரம் பேர்தான். 1948, அப்புறம் சுதந்திரம், அப்புறம் 1967 போர்னு அலை அலையா இஸ்ரேலுக்கும் பிரான்சுக்கும் போயிட்டாங்க. அங்க யாரக் கேட்டாலும் அஞ்சாம் முகமது ராஜா, நாஜிங்களோட ஒத்துப்போன பிரெஞ்சு விஷி ஆட்சி காலத்துல யூதங்கள விட்டுக்குடுக்கலன்னு பெருமையா சொல்லுவாங்க. விஷி சட்டங்கள்ல அவர் முத்திரையும் விழுந்துச்சு, எவ்வளவு தடுத்தார் எவ்வளவு முடியலன்னு வரலாற்று ஆளுங்க இன்னும் அடிச்சுக்கறாங்க, ஆனா மக்கள் மனசுல அந்தப் பேர் நின்னுருச்சு. 2011 அரசியல் சட்ட முகவுரைல நாட்டு அடையாளத்துல எபிரேயப் பங்கும் உண்டுன்னு எழுதியே வச்சிருக்காங்க.

எனக்குப் புடிச்சது பசங்க செஞ்ச வேலை. 2007ல இஃப்ரான்ல அல் அகவாய்ன் பல்கலைக்கழகத்துல முஸ்லிம் மாணவங்க மட்டும் சேர்ந்து மிமூனான்னு ஒரு கிளப் ஆரம்பிச்சாங்க. காலேஜ்ல ஒரு யூதர் கூட கிடையாது! தாத்தா பாட்டி சொல்லிக் கேட்ட அக்கம்பக்கத்து ஆளுங்க யாருன்னு தெரிஞ்சுக்கணும்னு ஆரம்பிச்சது, 2011ல யூத இனப்படுகொலை பத்தி ஒரு மாநாடே நடத்துனாங்க. மிமூனாங்கறது அவங்க பஸ்கா பண்டிகை முடியற ராத்திரி. எட்டு நாள் வீட்டுல மாவே இருக்கக் கூடாது அவங்களுக்கு, அன்னைக்கு சாயங்காலம் முஸ்லிம் பக்கத்து வீட்டுக்காரங்க மாவு, ஈஸ்ட், பால், தேன்னு கொண்டுபோய்க் குடுப்பாங்களாம், அவங்க சுட்டு இவங்களுக்குத் திருப்பிக் குடுப்பாங்களாம்.

ஆனா ஒரு உறுத்தலும் உண்டு. 2003ல காசாபிளாங்கால குண்டு வெடிச்சப்ப யூத இடங்களும் குறில இருந்துச்சு. இன்னொன்னு, கல்லறை எல்லாம் அழகா புதுப்பிச்சு வச்சிருக்காங்க, சாவி வச்சிருக்கற முஸ்லிம் காவல்காரர் தலைமுறையா பாத்துக்கறாரு, கும்புட ஆள் இல்ல. ஆள் போனதுக்கப்புறம் வர்ற பாசம் எவ்வளவு பாசம்னு எனக்குத் தோணும். அபுதாபி நண்பர் கேட்டதும் கிட்டத்தட்ட இதானே.

பாலக்காட்டு_காத்து:

நம்ம பக்கத்துலயும் இதே கதைதான். கொச்சி மட்டாஞ்சேரில 1568ல கட்டுன பரதேசி சினகாக், அந்தத் தெருவுல சாரா கோஹன் பாட்டியோட எம்பிராய்டரி கடை. பாட்டி 2019ல 96 வயசுல இறந்தாங்க, கடைசி வரைக்கும் அவங்கள பாத்துக்கிட்டதும் கடைய நடத்துனதும் ஒரு முஸ்லிம் குடும்பம். கொல்கத்தால யூதப் பெண்கள் பள்ளிக்கூடம்னு ஒண்ணு, படிக்கறது பெரும்பாலும் முஸ்லிம் பொண்ணுங்க, யூனிஃபார்ம்ல தாவீது நட்சத்திரத்தோட போவாங்க. அங்க சினகாக்குகள காவல் காக்கறதும் முஸ்லிம் குடும்பங்கதான், அப்பாவுக்கு அப்புறம் பையன். இதுக்கெல்லாம் யாரும் திட்டம் போட்டு நிதி ஒதுக்கல பாருங்க.

மும்பைல 2008 நவம்பர்ல நரிமன் ஹவுஸ்ங்கற யூத மையம் உட்பட அத்தன இடத்துலயும் சுட்டவங்க உடம்ப எங்க மையவாடில அடக்க விட மாட்டோம்னு அங்க இருந்த முஸ்லிம் ஜமாஅத்துங்க மறுத்துச்சே, அதையும் இந்தக் கணக்குலதான் சேர்க்கணும்.

கடற்கரைத்_தெரு:

எல்லாருக்கும் ஜஸாகல்லாஹ் ஹைர், இவ்வளவு வரும்னு நெனக்கல. பிராட்போர்ட் கதைய வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டுனேன். ஆனா என் ரெண்டாவது கேள்வி அப்படியே நிக்குது. காசா பத்தி என்ன செய்யறது? அங்க போய் உக்காந்து அதப் பத்தி பேசவே கூடாதுன்னா எனக்கு அது நடிக்கற மாதிரி இருக்கும். முதல் நாளே பேசுனா அன்னைக்கே முடிஞ்சிரும். அங்க வர்ற பொம்பளைங்கள்ல இஸ்ரேல்ல அக்கா தங்கச்சி இருக்கறவங்களும் இருப்பாங்கதானே.

நியூஜெர்சி_அம்மா:

நான் இந்த மாதிரி ஒரு குழுவுல இருந்தவ, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கங்க. இங்க 2010ல ரெண்டு பெண்கள், ஒருத்தர் யூதர் ஒருத்தர் முஸ்லிம், சேர்ந்து சலாம் ஷாலோம் சகோதரிகள்னு ஒரு அமைப்பு தொடங்குனாங்க, அப்புறம் பல ஊர்ல கிளை வந்துச்சு. ஒவ்வொரு கிளைலயும் ரெண்டு பக்கமும் பாதிப் பாதி ஆளு இருக்கணும், மாத்தி மாத்தி வீட்டுலதான் கூடணும். எங்களோடது அதப் பாத்து நாங்களா உள்ளூர்ல ஆரம்பிச்சது. எங்க குழுவுல எழுதாத ஒரு விதி, முதல்ல பழகுவோம், இஸ்ரேல் பாலஸ்தீனம் அப்புறம். அந்த அப்புறம் வரவே இல்ல. சமையல், மருமகள், பிள்ளைங்க காலேஜ், மெனோபாஸ், எல்லாம் பேசுனோம். 2023 அக்டோபர் வந்துச்சு, வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தங்க ஒரு படம் போட்டாங்க, இன்னொருத்தங்க வேற ஒரு படம் போட்டாங்க, ரெண்டு நாள்ல குரூப்பே இல்ல. அவ்வளவு வருஷம் பழகியும் ஒருத்தருக்கொருத்தர் எந்த இடத்துல வலிக்கும்னு எங்களுக்குத் தெரியாமலே இருந்திருக்கு.

ஆனா மூணு பேர் மட்டும் இன்னும் சந்திக்கறோம். நான், ஒரு யூத அம்மா, ஒரு எகிப்து பொண்ணு. ஏன்னு யோசிச்சா, நாங்க மூணு பேரும் குழுவுக்கு வெளிய அகதிக் குடும்பங்களுக்கு வீட்டு சாமான் சேர்க்கற வேலைல சேர்ந்து இருந்தோம். வேலை நிக்கல, அதனால பேச்சும் நிக்கல. இப்ப காசா பத்தி பேசறோம், சண்டையும் வரும், அடுத்த வாரம் சோபா தூக்க ஆள் வேணும்ல, போன் பண்ணித்தான் ஆகணும்.

பெரிய அளவுலயும் இப்படித்தான் நான் பாத்திருக்கேன். 2017ல டெக்சாஸ் விக்டோரியால பள்ளிவாசல் எரிஞ்சப்ப அங்க இருந்த யூதங்க தங்க சினகாக் சாவியக் குடுத்தாங்க தொழுதுக்கங்கன்னு. அதே வருஷம் செயின்ட் லூயிஸ் பக்கத்துல யூதக் கல்லறைய உடைச்சப்ப முஸ்லிம்ங்க ஒரு லட்சம் டாலருக்கு மேல வசூல் பண்ணாங்க. 2018ல பிட்ஸ்பர்க் சினகாக்ல 11 பேர சுட்டுக் கொன்னப்பவும் முஸ்லிம்ங்க வசூல், 2019ல நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்ங்கள்ல 51 பேர் போனப்ப பிட்ஸ்பர்க் யூதங்க திருப்பி வசூல். சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்த முறை மாதிரி, ஒருத்தர் வந்தா இன்னொருத்தர் போகாம இருக்க முடியாது.

அதனால உங்களுக்கு நான் சொல்றது, முதல் நாளே காசா பேச வேணாம், ஆனா மூணாவது நாலாவது சந்திப்புல கட்டாயம் பேசணும்னு ஆரம்பத்துலயே கேட்டு வச்சுக்கங்க. யாரு நடத்துவாங்க, ஒருத்தர் எத்தனை நிமிஷம் பேசலாம், நடுவுல குறுக்க பேசக் கூடாது, இதெல்லாம் முடிவு பண்ணிக்கங்க. வாட்ஸ்அப்ல மட்டும் அரசியல் கிடையாதுன்னு கண்டிஷன் போட்டுருங்க, நேர்ல மட்டும்தான். குரல் கேக்காத இடத்துல இந்தப் பேச்சு ஆகாது.

அபுதாபி_பேச்சிலர்:

இது நியாயமா இருக்கு அக்கா. இங்கிலாந்துல 2025 பிப்ரவரில முஸ்லிம் யூத மதத் தலைவருங்க டிரம்லான்ரிக்னு ஒரு உடன்பாடு போட்டு சார்லஸ் ராஜாகிட்டயே கொண்டுபோய்க் குடுத்தாங்களே, அதப் படிச்சப்ப எனக்கு ஒண்ணும் ஒட்டல. நீங்க சொன்ன சோபா ஒட்டுது.

பழைய_பேப்பர்:

பேச்சு சாவு வீட்டு முறைன்னு வந்ததால போஸ்னியா தலைநகர் சரயேவோவ சேர்த்துடறேன். ரெண்டாம் உலகப் போர் சமயம் நாஜிங்க வந்தப்ப முஸ்தபா ஹர்தாகா, செய்னேபா ஹர்தாகான்னு ஒரு முஸ்லிம் தம்பதி, பக்கத்துல தொழில் பண்ணிட்டிருந்த யூதர் கபிலியோ குடும்பத்த வீட்டுல ஒளிச்சு வச்சாங்க. 1984ல இஸ்ரேல்ல இருக்கிற யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வாஷெம் இவங்கள கௌரவிச்சுது. அப்புறம் 1992ல இருந்து செர்பியப் படை ஊர முற்றுகை போட்டுச்சுல்ல, அப்ப அங்க இருந்த சின்ன யூத சமூகத்தோட தொண்டு அமைப்பு லா பெனவோலென்சியா, சூப் கிச்சனும் மருந்துக் கடையும் நடத்துச்சு. யூதர், முஸ்லிம், செர்ப், குரோட்னு பாக்காம எல்லாருக்கும். வேலை பாத்ததும் எல்லாரும் கலந்துதான். முஸ்லிம் பெரும்பான்மை ஊர்ல மருந்து வேணும்னா யூதர் வாசல்ல வரிசைல நின்னாங்க. 1994ல வயசான செய்னேபாவ முற்றுகைல இருந்து மீட்டு இஸ்ரேலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அந்த வருஷமே அங்க இறந்தாங்க.

ஆனா சமாதானம் வந்தப்புறம் நடந்தது வேற. போருக்கு அப்புறம் வந்த போஸ்னிய அரசியல் சட்டத்துல போஸ்னியாக் (அதாவது போஸ்னிய முஸ்லிம்), செர்ப், குரோட் மூணு இனத்து ஆளுங்கதான் ஜனாதிபதி ஆகலாம். யூதர் யாக்கோப் ஃபின்சியும் ரோமா இனத்துல டெர்வோ செய்திச்சும் ஸ்ட்ராஸ்பர்க் போய் 2009ல ஜெயிச்சாங்க. சட்டம் இன்னும் மாறல. சாப்பாடு போட்ட நன்றி மட்டும் வச்சுக்கிட்டு தேர்தல்ல நிக்கற உரிமை தராம இருக்கிற கதை அது. பெரும்பான்மையா இருக்கிற முஸ்லிம் கட்சிங்களுக்கும் அதுல பங்கு உண்டு, மறைக்க வேணாம்.

ஊர்_வாசம்:

லாத்தா நானும் காயல்தான், நீங்க இருக்கற ஏரியா ஸ்டாம்ஃபோர்ட் ஹில் பக்கம்னு நெனக்கிறேன். அங்க 2000ல இருந்தே முஸ்லிம் யூத மன்றம்னு ஒண்ணு இருக்கு. 2013ல லண்டன் ஊல்விச்ல முஸ்லிம் தீவிரவாதிங்க ஒரு ராணுவ வீரர கொன்னதுக்கு அப்புறம் பள்ளிவாசல்ங்க மேல தாக்குதல் பயம் வந்தப்ப, அங்க யூதங்களோட ஷோம்ரிம் ரோந்து ஆளுங்க பள்ளிவாசல்களையும் சேர்த்துப் பாத்துக்க முன்வந்தாங்க. நைட்டு ஜிப்பாவும் கருப்புக் கோட்டுமா ரெண்டு டீமும் நிக்கற காட்சிய யோசிச்சுப் பாருங்க. நீங்க புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கல, ஏற்கனவே ஓடற தண்ணில கால வைக்கறீங்க.

உம்மாகிட்ட என்ன சொல்றதுன்னா, நீங்க இஸ்ரேல் அரசாங்கத்தோட கை குலுக்கப் போகல, ஸ்கூல் வாசல்ல தினம் பாக்கற அம்மாங்களோட பேசப்போறீங்க, அவ்வளவுதான்னு சொல்லுங்க. எங்க உம்மாவா இருந்தா அதுக்கும் ஏதாவது சொல்லுவாங்க, அது வேற.

கடற்கரைத்_தெரு:

சிரிச்சுட்டேன் தம்பி. போறதுன்னு முடிவு பண்ணிட்டேன், நியூஜெர்சி அக்கா சொன்ன மாதிரி மூணாவது சந்திப்பு கண்டிஷனோட. முதல் வேலையா ரெண்டு ஸ்கூலுக்கும் நடுவுல இருக்கற க்ராஸிங்குக்கு லைட் கேட்டு கவுன்சிலுக்கு மனு குடுக்கலாம்னு அந்த அக்காகிட்ட சொன்னேன், அவங்க யூத அம்மாங்களும் இதையேதான் ரொம்ப நாளா புலம்பறாங்களாம். இப்தாருக்கு வட்டலப்பம் செஞ்சு எடுத்துட்டுப் போகலாமா? வெள்ளிக்கிழமை வைக்கலாம்னு பேச்சு, எல்லாருக்கும் மறுநாள் லீவு.

லூவன்_ஆராய்ச்சி:

வெள்ளிக்கிழமை வேணவே வேணாம்! மக்ரிபுக்கு முன்னாடியே அவங்களுக்கு சபாத்ங்கற ஓய்வு நாள் ஆரம்பிச்சிரும், கட்டுப்பாடானவங்க கார் எடுக்க மாட்டாங்க, போன் தொட மாட்டாங்க. திங்கள், செவ்வாய், புதன் ஏதாவது வைங்க. வட்டலப்பத்துல தேங்காப்பாலும் முட்டையும் கருப்பட்டியும்தான், பொருள்ல பெருசா பிரச்சனை இல்ல, ஆனா உங்க வீட்டு சட்டில செஞ்சா கோஷர் பாக்கறவங்க தொட மாட்டாங்க, அத அவமரியாதையா எடுத்துக்காதீங்க. வெட்டாத பழம், கோஷர் முத்திரை போட்ட சீல் பிரிக்காத பாக்கெட்டு, பேப்பர் தட்டு, பேப்பர் கப்பு. பேரீச்சம்பழம் இருக்கவே இருக்கு, ஆனா பாலஸ்தீன நிலத்துல இருக்கிற இஸ்ரேல் குடியிருப்புல விளைஞ்சதான்னு உங்க ஆளுங்க பாப்பாங்க, கோஷர் முத்திரை இருக்கான்னு அவங்க ஆளுங்க பாப்பாங்க, அதனால லேபிள ரெண்டு தடவ படிச்சுட்டு வாங்குங்க.